ஒன்றா, ஒன்றரையா, இரண்டா? வீட்டு ஏர்கோனுக்கு எந்த அளவு சரி

சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு மாடியில் உள்ள சின்ன அறைக்கு இரண்டு எச்.பி. (குதிரைத்திறன்) ஏர்கோன், அதாவது ஏசி, போட்டோம். அறை 10 அடிக்கு 11 அடிதான். அன்றைக்குக் கடையில் சலுகை விலை, ஒரு எச்.பி.க்கும் இரண்டு எச்.பி.க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "அண்ணே, பெருசா போட்டுட்டா சீக்கிரம் குளிர்ந்துடும், மிஷினுக்கும் வேலை குறைவு" என்றார் கடையில் இருந்த தம்பி. கேட்க நியாயமாகத்தான் பட்டது.

ஆறு மாதம் கழித்து, தீபாவளிக்கு முன் அலமாரியைத் திறந்த என் மனைவி தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூஞ்சணம். அதே அலமாரியில் என் தோல் பெல்ட்டும் பச்சை படிந்து கிடந்தது. அறை நன்றாகக் குளிர்ந்தது, ஆனால் போர்வை எப்போதும் சற்று நமத்தே இருந்தது. ஏன் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தப் புடவையால்தான்.

அளவைப் பற்றி நாம் பேசுவதில் பாதி, செவிவழி வந்தது. ஏர்கோன் உண்மையில் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால் அளவு தானே பிடிபடும். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

## குளிரை ஊற்றுவதில்லை, சூட்டை இறைக்கிறது

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் வாளியால் இறைத்து வெளியே ஊற்றுகிறீர்கள். வருகிற வேகத்துக்கு இறைத்தால் தரையில் தண்ணீர் ஏறாது. வேகம் குறைந்தால் கணுக்கால் வரை வந்துவிடும்.

ஏர்கோனும் அப்படி இறைக்கிற வேலையைத்தான் செய்கிறது. கூரை, சுவர், கண்ணாடி, மனித உடம்பு, ஃபிரிட்ஜ், டிவி என்று எல்லாவற்றிலிருந்தும் சூடு அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அதை அள்ளி வெளியே கொட்டுவதுதான் மிஷினின் வேலை.

எப்படி அள்ளுகிறது? ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும் அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏர்கோனின் குழாய்களில் ஓடுவதும் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம்தான். நாம் "கேஸ்" என்று சொல்வது அதைத்தான். அறைக்குள் இருக்கும் பெட்டியில், தகடுகள் கோத்த குழாய்ச் சுருளுக்குள் அது ஆவியாகி அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சுருளுக்குக் காயில் என்று பெயர். வெளியே இருக்கும் பெட்டியில் கம்பிரசர் என்ற அழுத்தும் இயந்திரம் அந்த ஆவியை நெருக்கி, சூட்டை வெளிக்காற்றில் கக்க வைக்கிறது. கேஸ் மறுபடி திரவமாகி உள்ளே திரும்பி வருகிறது.

மிஷின் சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால்தான் வாங்கும் கரண்டைவிடப் பல மடங்கு சூட்டை அதனால் வெளியேற்ற முடிகிறது. சாதாரணமாக 800 வாட் போல மின்சாரம் எடுக்கும் மிஷின் 2,600 வாட் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும்.

ஆக, அளவு பார்ப்பது என்றால் இரண்டு வேகங்களைப் பொருத்துவது: சூடு உள்ளே வரும் வேகம், மிஷின் இறைக்கும் வேகம்.

## எச்.பி., பி.டி.யூ., டன்: மூன்று பெயர், ஒரு குழப்பம்

இறைக்கும் வேகத்தை அளக்கும் அலகு பி.டி.யூ. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு பி.டி.யூ.; ஒரு தீக்குச்சி முழுக்க எரிந்தால் வருகிற சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஏர்கோனில் எழுதியிருப்பது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பி.டி.யூ. என்பது. 9,000 என்று போட்டிருந்தால், மணிக்கு ஒன்பதாயிரம் தீக்குச்சிகளின் சூட்டை அது வெளியேற்றும்.

எச்.பி. என்பது குதிரைத்திறன். அது 746 வாட், மோட்டாரின் வலுவைச் சொல்லும் அலகு. அந்தக் காலத்தில் கம்பிரசர் மோட்டாரை வைத்து மிஷினைக் கூப்பிட்ட பழக்கம் மலேசியாவில் அப்படியே தங்கிவிட்டது. இன்று அது சட்டை அளவு மாதிரி ஒரு பெயர்தான். ஒரு கடையின் 'எம்' இன்னொரு கடையில் இறுக்கமாக இருப்பதுபோல, ஒரே "1 எச்.பி." என்ற பெயரில் வரும் இரண்டு மிஷின்களின் பி.டி.யூ. வேறுபடலாம். தோராயமாக இங்கே ஒரு எச்.பி. 9,000, ஒன்றரை 12,000, இரண்டு 18,000, இரண்டரை 22,000 முதல் 24,000 என்று வைத்துக்கொள்ளலாம். சில மிஷின்களில் கிலோவாட்டில் போட்டிருப்பார்கள். அதை 3,412 ஆல் பெருக்கினால் பி.டி.யூ. வந்துவிடும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஏசியை டன் கணக்கில் சொல்வார்கள். அங்கிருந்து வரும் வீடியோவில் "பெட்ரூமுக்கு ஒன்றரை டன்" என்று கேட்டுவிட்டு, இங்கே கடைக்குப் போய் ஒன்றரை எச்.பி. கேட்பதும், இங்கே உள்ள ஒன்றரை எச்.பி.யை அங்கே உள்ள சொந்தக்காரர்களிடம் ஒன்றரை டன் என்று சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் சூட்டிலிருந்து வந்த கணக்கு அது. அதாவது அங்கே ஒரு டன் என்றால் இங்கே ஒன்றரை எச்.பி.; அங்கே ஒன்றரை டன் என்றால் இங்கே இரண்டு எச்.பி. எண் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம்.

மிஷினில் ஒட்டியிருக்கும் சுருஹான்ஜாயா தெனாகாவின் (மலேசிய எரிசக்தி ஆணையம்) நட்சத்திர லேபிளையும் அளவோடு கலக்கக் கூடாது. ஐந்து நட்சத்திரம் என்றால் கரண்டைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மிஷின். உங்கள் அறைக்கு அது பொருந்துமா என்பதை நட்சத்திரம் சொல்லாது.

## காற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

மாமாக் கடையில் தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) வாங்கி மேசையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் கிளாஸ் வியர்த்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் கிளாசுக்குள்ளிருந்து கசியவில்லை. காற்றில் ஆவியாக இருந்த நீர், குளிர்ந்த கிளாசில் பட்டதும் துளியாகிவிட்டது. ஏர்கோன் காயிலும் இதுதான் நடக்கிறது. வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் உங்கள் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்தது.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டபோது நானே ஆச்சரியப்பட்டேன். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயர அறை. வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. இது நமக்குச் சாதாரண இரவு. ஈரப்பதம் என்றால், அந்தச் சூட்டில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பது. அந்த அறையின் காற்றில் மட்டும் கிட்டத்தட்ட 900 மில்லிலிட்டர் தண்ணீர் மிதக்கிறது. 24 டிகிரியில் நமக்குச் சுகமான 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவர, அதில் ஏறக்குறைய பாதியை வெளியேற்ற வேண்டும். அதோடு முடிவதில்லை. கதவு திறக்கும்போதும், நாம் மூச்சு விடும்போதும், பக்கத்துக் குளியலறையிலிருந்தும் ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

நீராவி துளியாக மாறும்போது தன்னிடமிருந்த சூட்டையும் காயிலில் இறக்கி வைத்துவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க ஏறக்குறைய 2,300 பி.டி.யூ. செலவாகும். ஒரு எச்.பி. மிஷினின் ஒரு மணி நேர உழைப்பில் கால் பங்கு அதற்கே போய்விடுகிறது.

குளிரூட்டலின் பிறப்பே ஈரத்தோடு சம்பந்தப்பட்டது. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத் தன் முதல் அமைப்பை வடிவமைத்தார். அங்கே யாருக்கும் புழுக்கம் பிரச்சினையாக இல்லை. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதைத்தான் தீர்க்கச் சொன்னார்கள்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்க வேண்டியது: மிஷினுக்கு இரண்டு வேலை. சூட்டை இறைக்க வேண்டும், ஈரத்தையும் பிழிய வேண்டும். ஆனால் ரிமோட்டில் தெரிவது முதல் வேலையின் எண் மட்டுமே.

## பெரிய மிஷின் ஏன் ஈரத்தை விட்டுவிடுகிறது

தடித்த ஊத்தப்பத்தைப் பெரிய நெருப்பில் வைத்தால் என்ன ஆகும்? அடிப்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். வெந்துவிட்டது என்று எடுத்துப் பிட்டால் நடுவில் மாவு. அளவுக்கு மீறிய ஏர்கோனும் இப்படித்தான்.

மிஷின் ஓடத் தொடங்கியதும் காயில் உடனே குளிர்ந்துவிடாது; சில நிமிடம் பிடிக்கும். குளிர்ந்த பிறகும் முதல் துளிகள் தகடுகளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அவை சேர்ந்து கனத்த பிறகுதான் வழிந்து தட்டுக்கு வந்து, குழாய் வழியாக வெளியேறும். ஆகவே ஈரம் உண்மையில் வீட்டைவிட்டுப் போவதற்கு மிஷின் விடாமல் நீண்ட நேரம் ஓட வேண்டும்.

எங்கள் சின்ன அறையில் அந்த இரண்டு எச்.பி. மிஷின் சில நிமிடத்திலேயே காற்றை 24-க்கு இறக்கிவிடும். உடனே கம்பிரசர் நின்றுவிடும், இஸ்திரிப் பெட்டியில் விளக்கு அணைவதுபோல. ஆனால் உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். காயிலில் ஒட்டியிருந்த தண்ணீர் அந்தக் காற்றில் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் சூடு ஏறும், கம்பிரசர் ஓடும், மறுபடி நிற்கும். இரவு முழுக்க இதே கதை. எண் 24 என்று காட்டும், அறையோ குகை மாதிரி சில்லென்று நமத்துக் கிடக்கும். உடம்பு ஒட்டுகிறதே என்று நாங்கள் 20-க்கு இறக்குவோம். காற்று குளிரக் குளிர அதன் ஈரப்பதம் கூடுகிறது. சுவரும் அலமாரியும் குளிர்ந்துவிடுகின்றன. பட்டுப்புடவைக்குப் பூஞ்சணம் வந்தது இந்த வழியில்தான்.

கரண்டும் மிச்சமாகவில்லை. சின்ன மிஷின் தொடர்ந்து ஓடுவதைப் பார்த்து "பாவம், ஓயாம ஓடுதே" என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அடிக்கடி நின்று நின்று கிளம்புவதுதான் கம்பிரசருக்கு அதிகத் தேய்மானம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் காயில் குளிரும்வரை எடுக்கும் கரண்டில் பெரும்பகுதி வீண்.

சரி, சின்னதாகப் போட்டுவிட்டால்? அது உடனே தெரிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு 24 வைத்தால் 27-ஐத் தாண்டி இறங்காது, முழு வேகத்தில் ஓடி டிஎன்பி கரண்ட் பில்லை ஏற்றும். சின்னது என்றால் வீட்டில் எல்லாரும் குறை சொல்வார்கள். பெரியது என்றால் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் இரண்டாவது தவறை நாம் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

## கணக்கு: சதுர அடியும் வெயிலும்

இங்கே ஏர்கோன் பொருத்துகிறவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, வருவதை 60 அல்லது 65 ஆல் பெருக்கு. வருவதுதான் தேவையான பி.டி.யூ. 10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. 60 ஆல் பெருக்கினால் 7,200. ஒரு எச்.பி. போதும். 12 அடிக்கு 15 அடி என்றால் 10,800, ஒன்றரை எச்.பி. 9, 10 அடி உயர அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

அமெரிக்க இணையக் கணிப்பான்களில் அதே 120 சதுர அடியைப் போட்டால் 5,000 என்று வரும். அவர்களுடைய காற்றும் சுவரும் வேறு. அதே மாதிரி, "தெற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கூட்டிப் போடு" என்ற அறிவுரையும் நமக்குச் செல்லாது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று டிகிரியில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நண்பகலில் நேராக நம் தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சாயாது. ஆகவே இங்கே வெயிலை வாங்குவது முதலில் கூரை, பிறகு கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். அதிலும் மேற்குதான் மோசம். நாள் முழுக்க ஊர் சூடேறிய பிறகு அந்த வெயில் வருகிறது.

மேற்குப் பார்த்த 4 அடிக்கு 5 அடிக் கண்ணாடியில் மேகமில்லாத மாலை வெயில் நேராக விழுந்தால் ஆயிரம் வாட் அளவுக்குச் சூடு உள்ளே வரலாம். அறையில் ஓர் இஸ்திரிப் பெட்டியை எரியவிட்ட மாதிரி. ஒரு எச்.பி. மிஷினின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே சரியாகிவிடும். செங்கல் சுவர் இன்னொரு விதம்: பகலில் வாங்கிய சூட்டைப் பிடித்து வைத்திருந்து இரவில் உள்ளே விடும். இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் கதகதப்பாக இருந்தால் அந்தச் சூட்டையும் உங்கள் மிஷின்தான் இறைக்க வேண்டும்.

இப்போது ஒரே 120 சதுர அடியில் இரண்டு அறைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தேரஸ் வீட்டின் (ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) கீழ்த்தளத்தில் இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர், வடக்கே ஒரு ஜன்னல். 7,200-க்கு மேல் எதையும் கூட்டத் தேவையில்லை. இன்னொன்று, மாடியில் ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே, மேற்கே கண்ணாடி. இதற்கு நான் கால் பங்கு கூட்டுவேன்: 9,000. ஒரு எச்.பி.யின் விளிம்பு. கெட்டித் திரைச்சீலை போட்டு, ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் விரித்திருந்தால் ஒன்று போதும். அது எதுவும் இல்லாமல் மூன்று பிள்ளைகளும் அங்கேயே படுக்கிறார்கள் என்றால் ஒன்றரைக்குப் போகலாம். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் சூடு விடுகிறார். தூங்கும்போது அதைவிடக் குறைவு.

எங்கள் செந்தூல் அறை 110 சதுர அடி. 60 ஆல் பெருக்கினால் 6,600. கூரைக்காகக் கால் பங்கு கூட்டினாலும் 8,250 தான். நாங்கள் போட்டதோ 18,000.

## ஹால் வேறு கதை

படுக்கையறைக்குக் கதவு உண்டு. ஹாலுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஹாலும் சாப்பாட்டு இடமும் சமையலறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில் "ஹால் 200 சதுர அடிதானே" என்று கணக்குப் போட்டால் தவறிவிடும். காற்று எங்கெல்லாம் போகுமோ அது எல்லாம் சேர்த்துதான் அளவு. 200-உடன் சாப்பாட்டு இடம் 140 சேர்ந்தால் 340. 60 ஆல் பெருக்கினால் 20,400. இரண்டரை எச்.பி. பக்கம் வந்துவிடுகிறது. அடுப்பு வேறு தனிச் சுமை. கொதிக்கும் ரசத்திலிருந்து எழும் ஆவி ஒவ்வொன்றையும் காயில் மறுபடி தண்ணீராக்க வேண்டும். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஓர் இழுப்புக் கதவு வைப்பதற்கு ஆகும் செலவு, பெரிய மிஷினுக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு என்பது என் எண்ணம்.

தீபாவளித் திறந்த இல்லத்துக்கு முப்பது பேர் வருவார்களே என்று பெரிதாகப் போடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். முப்பது பேரின் உடம்புச் சூடு மட்டும் 3,000 வாட். கதவும் அன்றைக்கு மூடவே மூடாது. அந்த ஒரு நாளைக்கு இரண்டு ஸ்டாண்ட் ஃபேன் போதும்.

## இன்வெர்ட்டர் இருந்தால் அளவு பார்க்க வேண்டாமா?

பழைய வகைக் கம்பிரசருக்கு ஓடு, நில் என்ற இரண்டே நிலை. இன்வெர்ட்டர் என்பது கம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. அடுப்பில் தீயைக் குறைத்து சிம்மில் வைப்பதுபோல. அறை குளிர்ந்த பிறகு நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கரண்டும் மிச்சம், அறையின் சூடு ஏறி இறங்குவதும் குறைவு.

அதனால் கணக்கு இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால், இன்வெர்ட்டரில் மேலே உள்ளதை எடுக்கலாம். சாதாரண மிஷினில் நெருங்கியதை எடுக்க வேண்டும். ஆனால் சிம்முக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. அறைக்குத் தேவையானது அதற்கும் கீழே போனால் இன்வெர்ட்டரும் நின்று நின்றுதான் ஓடும். மெதுவாக ஓடும்போது காயில் அவ்வளவு குளிராது, ஈரம் பிழிவதும் குறையும். மழைக்கால இரவுகளில் அறை நமத்திருப்பதாகப் பட்டால் ரிமோட்டில் 'ட்ரை' என்ற நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அது ஈரம் எடுப்பதற்காகவே வைத்தது.

## புதியது வாங்கும் முன்

"முன்ன நல்லா குளிர்ந்துச்சு, இப்ப பத்தல" என்றால் அது அளவுப் பிரச்சினை இல்லை. நேற்றுவரை போதுமாக இருந்த மிஷின் இன்று திடீரென்று சின்னதாகிவிடாது. காயிலில் தூசி அடைத்திருக்கும், அல்லது கேஸ் எங்கோ கசிந்திருக்கும். முதலில் சர்வீஸ், தேவைப்பட்டால் காயிலை மருந்து விட்டுக் கழுவும் கெமிக்கல் வாஷ். கேஸ் குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்பச் சொல்ல வேண்டும். கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை.

அப்புறம் ஒரு வாளிச் சோதனை. தண்ணீர் சொட்டும் குழாய்க்குக் கீழே இரவு ஒரு வாளியை வைத்துவிட்டு, காலையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஈரமான இரவில் நன்றாக ஓடும் ஒரு எச்.பி. மிஷின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிழியும். அறை சில்லென்றிருந்தும் வாளியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, உங்கள் மிஷின் அறைக்கு மீறிய அளவா என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பொருத்த வருகிறவர் அறைக்குள் காலே வைக்காமல், போனிலேயே "ஒன்றரை போட்டுடலாம்மா" என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜன்னல் எந்தத் திசை, மேலே கூரையா இன்னொரு மாடியா, எத்தனை பேர் படுப்பீர்கள் என்று கேட்கிறவரைத் தேடிப் பிடியுங்கள்.

அந்த இரண்டு எச்.பி. மிஷினைக் கழற்றி ஹாலில் மாட்டிவிட்டோம். சின்ன அறையில் இப்போது ஒரு எச்.பி. இன்வெர்ட்டர், 25-இல் ஓடுகிறது. குளிர முன்பைவிடக் கூடுதலாகப் பத்து நிமிடம் எடுக்கிறது. இரவில் பின்பக்கம் போனால் குழாயில் தண்ணீர் சொட்டுவது விடாமல் கேட்கிறது. பட்டுப்புடவையை டிரைகிளீனிங் கொடுத்து வாங்கினோம். முந்தானையில் மட்டும் ஒரு கறை போகவில்லை.